ஒரு நோய்க்குப் பிரிவுபசாரம்

எங்கள் ஊரில் எதையும் சும்மா அனுப்பிவிட மாட்டோம். படகுத்துறையில் இருந்த பழைய தபால்பெட்டியைக் கழற்றியபோது அதற்கு ஒரு பிரிவுபசார விழா நடந்தது. நகரத் தலைவர் அதன் சேவையைப் பாராட்டிப் பேசினார். தபால்பெட்டி பதிலுரை ஆற்றவில்லை; அடக்கம் என்று எடுத்துக்கொண்டோம். இரண்டு பேர் அழுதார்கள். ஒருவர் தபால்காரர். மற்றவர் அன்று காலைதான் அதற்குள் ஒரு கடிதம் போட்டவர்.

படம் எடுத்தது நான். இந்த ஊரில் விழாப் படம் எடுக்க என்னை விட்டால் ஆள் கிடையாது. ஆகவே குசாகா ரியோஹெய் மகளுடைய நோய்க்குப் பிரிவுபசாரம் நடந்தபோதும் காமிராவோடு அங்கே இருந்தேன். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். நம்பாதவர்கள் ஸ்டுடியோவுக்கு வந்து படத்தைப் பார்க்கலாம். வாசல் கண்ணாடியில் வைத்திருந்தேன். நகர அலுவலகத்தில் பணிவாகக் கேட்டுக்கொண்டதால் இப்போது சுவரைப் பார்த்தபடி திருப்பி வைத்திருக்கிறேன்.

ரியோஹெய்க்கு மீனை அரைத்துக் கட்டியாக வேகவைக்கும் ஆலையில் வேலை. வந்து இறங்கும் மீனை முதலில் முகர்ந்து பார்ப்பவர் அவர்தான். மூக்குக்குச் சம்பளம் வாங்குகிறவருக்கு மனிதர்களையும் முகர்ந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. அடுக்குமாடியில் என் வீட்டுக்குப் பக்கத்து வீடு. நடுவில் இருக்கும் சுவர் மெல்லியது. நான் ஒட்டுக்கேட்பதில்லை, கேட்கிறது.

அதனால் எனக்கு ஒன்று நிச்சயமாகத் தெரியும். அவருடைய மகள் கோஹரு வீட்டில் வாய் மூடவே மாட்டாள். பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் வாய் திறக்கவே மாட்டாள். இதைப் பார்த்த பழைய டாக்டர், அவளுக்கு ஏழு வயதிருக்கும்போது, ஆட்டிசம் என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நாளில் ஓய்வுபெற்று, மலைப்பக்கம் பழத்தோட்டம் போடப் போய்விட்டார்.

ரியோஹெய் அந்தப் பெயரை நன்றாகப் படித்துக்கொண்டார். அவளுடைய கண்ணை நேராகப் பார்ப்பதை நிறுத்தினார். சோறு ஒரு தட்டு, மீன் ஒரு தட்டு, ஊறுகாய் ஒரு தட்டு என்று ஒன்றோடு ஒன்று படாமல் வைத்தார். அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதைப் படமாக வரைந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார். அவர் வரைந்த குளியல்தொட்டி சவப்பெட்டி மாதிரி இருந்தது என்று அவர் மனைவி சாத்தோமி சொன்னது சுவர் வழியாக எனக்குக் கேட்டது.

மூன்று வருடம் கழித்து கனோ என்று ஒரு இளம் டாக்டர் அம்மா வந்தார். கோஹருவோடு தரையில் உட்கார்ந்து பல நாள் சீட்டு விளையாடினார். பிறகு ரியோஹெயைக் கூப்பிட்டு, இது ஆட்டிசம் இல்லை, பதற்றம் என்றார். வெளியாள் முன்னால் பயம் வந்து குரல்வளையைப் பிடித்துக்கொள்கிறது. பிள்ளை பேசமாட்டேன் என்பதில்லை, பேச முடியவில்லை. பேசாப் பதற்றம்.

"அப்போ முன்னாடி சொன்னது தப்பா?" என்றார் ரியோஹெய்.

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். "அவருக்கு அப்போ அப்படித் தெரிஞ்சிருக்கு."

"உங்களுக்கு இப்போ இப்படித் தெரியுதா?"

"ஆமா."

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷம் என்னை இந்த ஊர்ல வச்சிருப்பாங்களான்னே தெரியல" என்றார் டாக்டர். ரியோஹெய் முகர்ந்து பார்த்தார். அந்தப் பேச்சில் கெட்ட வாடை இல்லை. "ஆனா ஒண்ணு மட்டும் உறுதியாச் சொல்றேன். பள்ளிக்கூடத்துல அவ படிக்கிற அல்லி அறையில ஒரு ஆமை இருக்கு, அதுகிட்ட உங்க பொண்ணு ரகசியமா பேச ஆரம்பிச்சிருக்கா. தோமோயே டீச்சர் காதுல விழாத மாதிரி முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. அந்த அறையை விட்டு மட்டும் அவளை நகர்த்தாதீங்க. வேற மருந்து என்கிட்ட இல்ல."

அன்று சாயங்காலம் ரியோஹெய் மகளிடம் கேட்டார்.

"சோறும் மீனும் ஒண்ணா இருந்தா உனக்குப் பிடிக்காதா?"

"பிடிக்குமே."

"பின்ன ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"உனக்குத்தான் தனித்தனியா வச்சாப் பிடிக்கும்னு நினைச்சேன்" என்றாள் கோஹரு. "நீ பாவம், படமெல்லாம் வேற வரையற."

சுவருக்கு அந்தப் பக்கம் ஒட்டிய தாள்களைப் பிய்க்கிற ஓசை. "குளியல்தொட்டி மட்டும் இருக்கட்டும்ப்பா, சிரிப்பா இருக்கு" என்று அவள் சொன்னாள்.

மறுநாள் ரியோஹெய் நகர அலுவலகத்துக்குப் போனார். அங்கே பிள்ளைகள் மனநலத் துணைப் பிரிவு என்று ஒன்று உண்டு. அதன் தலைவர் வத்தானுகி. பள்ளி நாட்களில், பெயர் கூப்பிட்டால் எழுந்து நின்று 'உள்ளேன்' சொல்வதில் மாகாணப் பரிசு வாங்கியவர். ஆண்டுகள் ஆகியும் அந்தக் குரலுக்குத் துரு ஏறவில்லை.

ரியோஹெயைக் கண்டதும் எழுந்து இடுப்புவரை குனிந்தார். எங்கள் ஊரில் அதிகாரி எவ்வளவு ஆழமாகக் குனிகிறாரோ அவ்வளவு கெட்ட செய்தி வைத்திருக்கிறார் என்று பொருள்.

"வாழ்த்துகள்" என்றார் வத்தானுகி. "கூடவே ஆழ்ந்த வருத்தங்கள். பழைய நோய் போனதுக்கு வாழ்த்து, புது நோய் வந்ததுக்கு வருத்தம். ரெண்டையும் சேர்த்துச் சொல்றது எங்க வழக்கம்."

"எதுவும் போகவும் இல்ல, வரவும் இல்லீங்க ஐயா. பிள்ளை அதே பிள்ளைதான். பேருதான் மாறியிருக்கு."

"அப்படிச் சொல்லிடக்கூடாது குசாகா சார். பேரு மாறினா அறை மாறும். அறை மாறினா டீச்சர் மாறுவாங்க. டீச்சர் மாறினா வண்டி மாறும். அவ்வளவும் மாறினதுக்கு அப்புறம் பிள்ளை மட்டும் எப்படி அதே பிள்ளையா இருக்கும்?"

அல்லி அறை ஆட்டிசத்துக்கு. பேசாப் பதற்றத்துக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கப் பள்ளியில் சூரியகாந்தி அறை.

"அங்க ஆமை இருக்குங்களா?"

"மீன்தொட்டி இருக்கு. ரெண்டும் தண்ணியிலதான் இருக்கு."

"ஐயா, முன்னாடி சொன்னது தப்பாப் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, அவளை இருக்கிற இடத்துலயே விட்டுட முடியாதா?"

வத்தானுகியின் முகத்தில் உண்மையான வலி தெரிந்தது. "எங்க பிரிவுல தப்புங்கறதே கிடையாதுங்க. அதுக்குன்னு ஒரு மேசையும் இல்ல, ஆளும் இல்ல. முன்னாடி சொன்னது அன்னிக்குச் சரி. இப்போ சொல்றது இன்னிக்குச் சரி. நடுவுல ஒரு நிதியாண்டு முடியும், அவ்வளவுதான்."

பிறகு நடைமுறையை விளக்கினார். மார்ச் மாதம் முடிவதற்குள் கோஹரு பழைய நோயிடமிருந்து முறைப்படி விடைபெற வேண்டும். ஏப்ரல் முதல் தேதி புது நோய்க்குள் முறைப்படி நுழைய வேண்டும். பிரிவுபசார விழா நடக்காமல் போனால் அவள் நோயில்லாதவள்.

"நோயில்லாம இருந்தா நல்லதுதானே?"

"சாதாரண வகுப்பு. முப்பத்தெட்டுப் பிள்ளைங்க. தினமும் காலையில ஒரு பிள்ளை எழுந்து எல்லார் முன்னாடியும் பேசணும்."

ரியோஹெய் கழுத்துப் பட்டனைத் தளர்த்திக்கொண்டார். "விழாவுல அவ என்ன செய்யணும்?"

"பெரிசா ஒண்ணும் இல்ல. மேடையில பேரு கூப்பிடுவாங்க. எழுந்து, கணீர்னு 'உள்ளேன்' சொல்லணும். பதில் கொடுத்தவரே விடைபெற்றவர். இதுதான் விதி. இதுக்கு விலக்கே கிடையாது."

"ஐயா, வெளியாளுங்க முன்னாடி பேச முடியாதுங்கறதுதானே புது நோயே."

"புது நோய் ஏப்ரல்லதான் ஆரம்பிக்குது. மார்ச்ல அவங்க இன்னும் பழைய நோய். பழைய நோய்ல பேசலாம்."

"பேசிட்டா?"

"பேசிட்டா, புது நோய் உண்டாங்கிற சந்தேகம் வந்துடும். சாதாரண வகுப்பு."

"பேசலேன்னா?"

"விழா நடக்கல. சாதாரண வகுப்பு."

"எப்படிப் போனாலும் சாதாரண வகுப்புதானா?"

"அதைத்தான் நாங்க சம வாய்ப்புன்னு சொல்றோம்" என்றார் வத்தானுகி.

இதற்கு முன்னால் இன்னொரு சடங்கு இருந்தது. பிள்ளை வீட்டில் பேசுகிறாள் என்பதை அதிகாரி ஒருவர் தம் காதால் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் கேட்டால் செல்லாதா என்று நான் கேட்டேன். என் காது பதிவுசெய்யப்படாத காது என்றார்கள். ஆனால் அதிகாரி எதிரில் உட்கார்ந்தால் அவள் பேசமாட்டாள். ஆகவே வத்தானுகி ஒரு நாள் மதியமே வந்து, மெத்தைகள் அடுக்கும் அலமாரிக்குள் புகுந்து, இழுப்புக் கதவைச் சாத்திக்கொண்டார்.

எவ்வளவு பெரிய ரகசிய வேலையாக இருந்தாலும் வீட்டுக்குள் ஷூவோடு நுழையும் துணிச்சல் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது. வாசலில் கழற்றினார். மரியாதை தெரிந்தவர், ஆகவே முனை வெளிப்பக்கம் பார்க்க ஜோடியாகத் திருப்பியும் வைத்தார். பளபளவென்று கறுப்பு ஷூ.

கோஹரு பள்ளியிலிருந்து வந்தாள். ஷூவைப் பார்த்தாள். அப்பாவின் காலைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னிக்கு ஆமை என்ன பண்ணுச்சு?" என்று சாத்தோமி கேட்டார். பதில் இல்லை. "மீன் நல்லா இருக்கா?" பதில் இல்லை. அலமாரிக்குள் யாரோ தும்மினார்கள். மூன்று பேரும் சோற்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

வத்தானுகி மேலே அனுப்பிய முடிவு இது: வீட்டிலும் பேசவில்லை. மூன்றாவது நோய் ஒன்றுக்கு வாய்ப்பு இருக்கிறது.

அவர் படியிறங்கிப் போனதும் சுவர் அதிர ஆரம்பித்தது. "அந்த ஆளு ஏன் என் மெத்தையில உட்கார்ந்திருந்தாரு? மூச்சு முட்டியிருக்காதா? அவருக்கு வீடு இல்லையா? அப்பா, அவருக்கு என்ன நோய்?"

"அவருக்கு நோய் இல்லடி" என்றார் சாத்தோமி. "அவர்தான் நோய் கொடுக்கற ஆபீஸு."

"நான் அல்லி அறையிலயே இருப்பேன்ல?"

அதற்கு ரியோஹெய் சொன்ன பதில் சுவரைத் தாண்டி வரவில்லை.

இதற்குள் செய்தி பரவிவிட்டது. அல்லி அறைப் பெற்றோர் சங்கத்தில் பிரிவுபசாரப் பலகாரம் கொடுத்தார்கள். ஃபுதேகோ என்ற அம்மா, பலகாரத்தை நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினார். "மூணு வருஷமா எங்ககூட உட்கார்ந்து அழுதீங்களே குசாகா சார், அது யாருக்காக அழுதீங்க?"

"எனக்கும் அதேதாங்க சந்தேகம்" என்றார் ரியோஹெய்.

சூரியகாந்தி அறைப் பெற்றோர் சங்கத்திலோ அவரைக் கதவோரமாக உட்கார வைத்தார்கள். "அந்தப் பக்கத்திலேர்ந்து வர்றீங்க. திரும்பிப் போயிட்டா? எதுக்கும் கொஞ்ச நாள் எங்க பிள்ளைங்க பேரெல்லாம் கேக்காம இருங்க."

பிப்ரவரியில் ஒத்திகை ஆரம்பித்தது. பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் வரிசையாக நாற்காலி, நடுவில் கோஹரு. மைக்கில் பெயர் கூப்பிடுவார்கள்: "குசாகா கோஹரு." கூடம் காத்திருக்கும். கோஹருவின் காது சிவக்கும். கழுத்தில் ஒரு நரம்பு துடிக்கும். ஒன்றும் வராது.

"பரவாயில்ல, பரவாயில்ல" என்பார் வத்தானுகி. "நான் செஞ்சு காட்றேன், பாத்துக்கோ." ஓடிப்போய் அவள் பக்கத்து நாற்காலியில் உட்காருவார். மைக் மறுபடி கூப்பிடும். விறைத்து எழுவார். "உள்ளேன்!" கூரையில் இருந்த புறாக்கள் கலைந்து பறக்கும். மூலை வந்ததும் பெட்டி மாதிரி மடங்கித் திரும்பி மேடையேறுவார். முதலில் இடக்கை நீட்டி, பிறகு வலக்கை நீட்டிச் சான்றிதழ் வாங்குவதுபோல் வாங்கிக் காட்டுவார். கண் கலங்கியிருக்கும்.

இப்படியே தினமும் நடந்தது. அவள் நாளுக்கு நாள் வெளிறினாள். அவர் நாளுக்கு நாள் மெருகேறினார். ஒருநாள் நூடுல்ஸ் கடையில் யாரோ பேச்சுவாக்கில் "அந்தக் குசாகா கோஹரு இருக்கே" என்று சொல்ல, வாயில் நூடுல்ஸ் தொங்க எழுந்து நின்று 'உள்ளேன்' சொல்லிவிட்டார். கடைக்காரர் இரண்டாவது கிண்ணம் கொண்டுவந்து வைத்தார். நான் பொய் சொல்லவில்லை. அந்தக் கிண்ணத்தைச் சாப்பிட்டது நான்.

"வீட்ல அவ குரலைப் பதிவு பண்ணிக் கொண்டு வரட்டுமா?" என்று ரியோஹெய் கெஞ்சினார்.

"பதிவுக் கருவி பதில் கொடுத்தா, பதிவுக் கருவிதான் விடைபெறும்" என்றார் வத்தானுகி. "விதி விதிதான்."

விழா நாள் வந்தது. மாகாணத்திலிருந்து இயக்குநர் வந்திருந்தார். அன்று அவருக்கு அது எத்தனையாவது ஊர் என்று அவருக்கே தெரிந்திருக்காது. கோட்டில் நாலு ஊர்ப் பூக்கள் குத்தியிருந்தன. தோமோயே டீச்சர் கோஹருவின் காலடியில் ஒரு துணிப்பையை வைத்தார். பை மெதுவாக நகர்ந்தது. டீச்சர் அதை நகராததுபோல் பார்த்தார்.

வத்தானுகி உரையாற்றினார்.

"கடந்த மூன்று ஆண்டுகளாக இந்த ஆட்டிசம் ஒருநாளும் தவறாமல் இந்தக் குழந்தைக்குத் துணை நின்றது. அந்தக் குழந்தையிடம் அது இல்லாதபோதும் தன் கடமையில் அது குறை வைக்கவில்லை. இன்று நன்றியோடு அதை வழியனுப்புகிறோம். பெற்றோர்கள் சிலசமயம் எங்களிடம், என் பிள்ளையைப் பாருங்கள் என்கிறார்கள். அவர்கள் பாசம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்கு எப்போது சேவை செய்வது?"

பலத்த கைதட்டல். இயக்குநர் சுருக்கமாகப் பேசினார். "நோய்கள் வரும், போகும். நிர்வாகம் இருக்கும். நிர்வாகத்தை நம்பி எல்லாரும் தைரியமாக நோயுறலாம்."

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மைக்கில் படித்தார். "குசாகா கோஹரு."

நான் காமிரா வழியாக அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு பிரிந்தது. மூடியது. மறுபடி பிரிந்தது. பின்வரிசையில் ரியோஹெய் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்த பிடியில் அதன் பிளாஸ்டிக் முனகியது. எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் தவித்தார் அவர். பேசு என்று வேண்டினால் ஒரு பள்ளம், பேசாதே என்று வேண்டினால் இன்னொரு பள்ளம். இயக்குநர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி, இன்னும் கொஞ்சம் உரக்க, "குசாகா கோஹரு" என்றார்.

"உள்ளேன்!"

புறாக்கள் பறந்தன.

வத்தானுகி எழுந்து நின்றுகொண்டிருந்தார். எழுந்தது தாம்தான் என்று அவருக்கே தெரிய ஒரு கணம் ஆனது. ஆனால் அதற்குள் கால் நடக்க ஆரம்பித்துவிட்டது. இரண்டு மாதப் பழக்கம். மூலையில் பெட்டிபோல் மடங்கித் திரும்பியது. மேடையேறியது. இடக்கை நீண்டது, வலக்கை நீண்டது. இயக்குநர் அந்த ஐம்பத்தாறு வயது முகத்தை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்லா வளர்ந்திருக்கீங்க" என்று சொல்லிச் சான்றிதழைக் கொடுத்தார்.

நான் படம் எடுத்தேன். என் வேலை அதுதானே.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. முதலில் மூக்கு வழியாக, பிறகு வாயைப் பொத்திய விரல்களுக்கு நடுவாக, பிறகு தாங்கமாட்டாமல் முழுசாக. அந்தப் பள்ளிக்கூடத்தில் கோஹருவின் குரலை அதுவரை யாரும் கேட்டதில்லை; இப்போது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ரியோஹெயின் முகத்தில் ஒரு கணம் விடிந்தது, அடுத்த கணம் இருண்டது. மேடையில் அதிகாரிகள் தலையைத் திருப்பினார்கள். குரல் வந்துவிட்டதென்று யாராவது எழுதிவைத்தால் நாளைக்கே நாலாவது பெயர் வரும். அவர் இரும ஆரம்பித்தார். நெஞ்சு கிழிகிற இருமல். சாத்தோமி சேர்ந்துகொண்டார். தோமோயே டீச்சர் கைக்குட்டையை எடுத்து இருமினார். மூன்று வரிசை தள்ளியிருந்த ஃபுதேகோ அம்மா ரியோஹெயைத் திரும்பிப் பார்த்தார், கோஹருவைப் பார்த்தார். பிறகு எல்லாரையும்விட உரக்க இருமினார். அல்லி அறைப் பெற்றோர் மொத்தமும் இருமியது. இயக்குநர் ஒரு முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு, இந்த ஊரில் சளிக் காய்ச்சல் பரவியிருக்கிறது என்று உதவியாளரிடம் சொல்லிவிட்டு வேகமாகக் காரில் ஏறினார்.

மறுநாள் நகர அலுவலகம் கூடி யோசித்தது. விழா நடக்காமல் போனால்தான் சாதாரண வகுப்பு. விழா நடந்துவிட்டது. பதில் கொடுத்தவரே விடைபெற்றவர். ஆகவே அல்லி அறையை விட்டு வெளியேற வேண்டியவர் வத்தானுகி. அவர் அங்கே இருந்ததே இல்லை, ஆகவே ஏற்கெனவே வெளியேறியாயிற்று. கோஹரு பதில் கொடுக்கவில்லை, ஆகவே எங்கும் போகவில்லை.

வத்தானுகி ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். தப்பாக எழுந்துவிட்டேன் என்று. ஆனால் அதற்கென்று அங்கே ஒரு மேசையும் இல்லை, ஆளும் இல்லை. ஏப்ரல் முதல் தேதி சூரியகாந்தி அறை நுழைவு விழாவில் அவர் சின்ன நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். அந்தப் படமும் என்னிடம் உண்டு. இப்போது தினமும் மீன்தொட்டிக்கு முன்னால் உட்காருகிறாராம். ஆரம்பத்தில் நிறையப் பேசினாராம். நல்ல முன்னேற்றம், இப்போது பேச்சு வெகுவாகக் குறைந்திருக்கிறது என்கிறார்கள்.

பிரிவுபசாரத்தன்று எல்லாம் முடிந்து, முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு நான் வீட்டுக்கு நடந்தேன். எனக்கு முன்னால் அவர்கள் மூன்று பேரும் போய்க்கொண்டிருந்தார்கள். பள்ளி வாசலைத் தாண்டிப் படகுத்துறைத் திருப்பம் வரும்வரை கோஹரு வாய் திறக்கவில்லை. திருப்பத்தில் திறந்தாள்.

"அப்பா, உனக்கு இருமவே வரல. பொய்னு நல்லாத் தெரிஞ்சுது."

"நீ அவ்வளவு சத்தமா சிரிச்சா நான் என்னம்மா பண்றது?"

அவள் நின்றாள். "யாருக்காவது கேட்டிருக்குமா?"

"இல்லம்மா. யாருக்கும் கேக்கல."

"ஆமைக்குக் கேட்டுச்சு. அது யார்கிட்டயும் சொல்லாது."

சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று திரும்பிப் பார்த்தாள். நான் நின்றிருந்தேன். வாயை மூடிக்கொண்டு, அப்பா மீனைப் பார்க்கிற பார்வையில் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

நான் கடலைப் பார்த்து இருமினேன்.